நாலெழுத்து நாய்

எல்லா ஊரிலும் சொல்லுக்கு வாய்தான் வீடு. எங்கள் கருக்குவிளையில் மட்டும் ஒரு சொல்லுக்கு நாலு கால் முளைத்து, ஒரு வால் முளைத்து, தாடியும் முளைத்து, அது வாயை விட்டு இறங்கித் தேரிமணலில் ஓடித் திரிந்தது.

தேரி என்பது கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கிற சிவப்பு மணல். ஆடிக்காற்று எழும்பினால் அது படுத்த இடத்தில் படுத்திருக்காது. புரண்டு எழுந்து அடுத்த பனைவிளைக்குப் போகும், போகிற வழியில் பனையைக் கழுத்துமட்டும் மூடும், கிணற்றை மூடும், யாரோ மறந்து சாத்தி வைத்த சைக்கிளை மூடும், அடுத்த வருசம் ஒன்றும் அறியாத பிள்ளைபோல விலகிக்கொண்டு சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும். மூடுவதும் திறப்பதும் மண்ணின் குணம், அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை என்று இருந்த ஊர்தான் எங்களுடையது.

ரோடு புதிதாகப் போட்ட வருசம் அந்த நாய் ஒரு காரில் வந்தது. சிவப்பு மண்ணைப் போட்டோ எடுக்க இறங்கின வெளியூர் அம்மா ஒருத்தியின் மடியிலிருந்து குதித்து ஓடி, ஒரு முயல்வளைக்குள் தலைகீழாக இறங்கிவிட்டது. அந்த அம்மா வெயிலில் நின்று கூப்பிட்டாள், அழுதாள், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வளைவாயில் வைத்தாள். ரோட்டோரம் டீக்கடை போட்டிருக்கிற கனகராசு அண்ணாச்சி கிட்டப்போய், "இது என்ன நாயிம்மா?" என்று கேட்டார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே "டெரியர்" என்றாள். அழுகையும் காற்றும் கலந்து அது அண்ணாச்சி காதில் வேறு மாதிரி விழுந்தது. கார் போன பிறகு கடையில் இருந்தவர்களிடம் வந்து சொன்னார்.

"என்ன நாயின்னு கேட்டா, தெரியாதுங்கா வே. என்ன நாயின்னே அறியாம மடியில வச்சிக் கொஞ்சிக்கிட்டு வந்திருக்கா பாரும்."

சாயங்காலம் அந்த நாய் வளையைவிட்டு வெளியே வந்தபோது தன்னைவிட நீளமான உடும்பு ஒன்றைக் கழுத்தில் கவ்வியிருந்தது. "தெரியாது வந்துட்டு! தெரியாது வந்துட்டு!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடின. அப்படித்தான் பேர் நின்றது.

எங்கள் பக்கத்து நாய்கள் எல்லாம் உயரமாக, வயிறு ஒட்டி, கல்லெடுக்கக் குனிந்தாலே வாலை உள்ளே இழுத்துக்கொள்கிற நாய்கள். இது முழங்காலுக்குக் கீழேதான் உயரம். உடம்பு முழுக்கப் பனந்தும்பு நார் மாதிரிச் சொரசொரத்த மயிர், நிறமும் தும்பின் நிறமே, முதுகில் மட்டும் கருப்பட்டிப் பாகு சிந்தினதுபோல ஒரு திட்டு. வாயைச் சுற்றித் தாடி, கண்ணுக்கு மேலே புருவம், ரெண்டு காதும் மடித்த வெற்றிலைபோல முன்னால் சரிந்து கிடக்கும். கண் சின்னது, கருப்பு, அதில் வெள்ளை என்பதே கிடையாது. வால் குட்டையாக, தடியாக, யாரையோ சுட்டுகிற விரல்போல விறைத்து நிற்கும்.

அது சின்ன நாய் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. காளைமாட்டுக்கு எதிரே நின்று காளையை யோசிக்க வைக்கும். மணல் லாரி வந்தால் நடுரோட்டில் நாலு காலையும் ஊன்றி நிற்கும், லாரிதான் ஒதுங்கிப் போகவேண்டும். கவ்வினதை விடாது. இழுக்க இழுக்கப் பல் இறுகும். ஒருதரம் வண்டிக்கயிற்றைக் கவ்வி, காளை போன வேகத்துக்குச் சந்தைவரைக்கும் தொங்கிக்கொண்டே போய்விட்டு வந்தது. சோறு போட்டவன் வீட்டு வாசலிலும் படுக்காது, போடாதவனைப் பார்த்தும் குரைக்காது. நாம் பேசும்போது மட்டும் தலையை ஒருபக்கம் சாய்த்து, நம் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கும்.

பேரைச் சொன்னால் நாய் வரத்தானே செய்யும், அதனால் முதலில் யாரும் அதை அதிசயமாக எடுக்கவில்லை. "பஸ்ஸு போயிட்டா?" என்று ஒருத்தர் கேட்பார், "தெரியாது" என்று ஒருத்தர் சொல்வார், அவர் காலடியில் நாய் நிற்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு தும்மல் போடும், போய்விடும். தாழ்ப்பாள் போட்ட அடுப்பங்கரைக்குள்ளே சொன்னாலும் நிற்கும். குளத்துக்கு நடுவில் வள்ளத்தில் இருந்து சொன்னாலும், வள்ளத்துக்குள்ளே, காய்ந்த உடம்போடு நிற்கும். "சவத்து மூதி, எதுக்குள்ளடியோ வந்திருது" என்று பெண்கள் சாணித்தண்ணி தெளிப்பதுபோல விரட்டுவார்கள். அவ்வளவுதான்.

அது தும்மாமல் தோண்டினது முதல்முதலாகக் கனகராசு அண்ணாச்சி காலடியில்தான்.

அவர் பொண்டாட்டி செல்லத்தங்கம் அக்கா தன் கல்கம்மலைக் காணோம் என்று வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிவிட்டு, டீக்கடைக்கே வந்து, "எங்கம்மா போட்ட கம்மல் எங்க?" என்று கேட்டாள்.

"எனக்கென்னட்டி தெரியும்? தெரியாது" என்று பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார் அண்ணாச்சி.

நாய் வந்தது. தலையைச் சாய்த்தது. தும்மவில்லை. அவர் ரெண்டு காலுக்கும் நடுவில் முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது. மண் பின்னங்கால் வழியாகப் பீறிக்கொண்டு போய் வடைத்தட்டில் விழுந்தது, குடித்துக்கொண்டிருந்தவர்கள் டீயில் விழுந்தது, குழிக்குள் அதன் தலை போயிற்று, தோள் போயிற்று, வால் மட்டும் வெளியே நின்றது. திரும்பி வந்தபோது அதன் தாடியில் ரெண்டு கல்கம்மலும் மாட்டியிருந்தன.

அந்தக் கம்மலை அண்ணாச்சி சந்தையூரில் ஒருத்தி காதில் அவர் கையாலேயே மாட்டிவிட்டு வந்திருந்தார் என்பது அடுத்த வாரம், அந்த ஒருத்தியே வெறுங்காதோடு பஸ்ஸேறி வந்து, "தூங்கி முழிச்சா காது மூளியா கெடக்கு, எங்கவே என் கம்மல்?" என்று கடை வாசலில் நின்று கத்தினபோதுதான் ஊருக்கு விளங்கிற்று. சந்தையூர் எங்கே, டீக்கடைத் தரை எங்கே? ஆனாலும் அதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. செல்லத்தங்கம் அக்காளும் அந்தப் பெண்ணும் சேர்ந்து அண்ணாச்சியைத் திட்டினதுதான் அந்த வாரத்துப் பேச்சு.

பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. உண்மையாக அறியாமல் சொன்னால் தும்மல், அறிந்து மறைத்துச் சொன்னால் குழி. மறைத்தது எதுவோ அது எத்தனை மைல் தள்ளிக் கிடந்தாலும், சொன்னவர் காலடி மண்ணிலிருந்தே வரும். முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டம். காணாமல் போன கோழியின் இறகு வந்தது, கோயில் உண்டியல் சாவி வந்தது. மாமியார்கள் மருமகளைக் கேட்டார்கள், மருமகள்கள் மாமியாரைக் கேட்டார்கள். பிறகு, ஊரில் குழி இல்லாத வீடு இல்லை என்று ஆனபோது கொண்டாட்டம் குறைந்தது. பனையையே மூடுகிற தேரிமணல் அந்தக் குழிகளுக்குள் ஒரு பொடிகூட விழவில்லை. ஆடிக்காற்று அவற்றின் விளிம்புவரை வந்து, சுற்றிக்கொண்டு போயிற்று. தாய்மார்கள் பிள்ளைகளைக் குழிப்பக்கம் கால் நீட்டிப் படுக்க விடவில்லை.

எங்கள் வீட்டில் குழி கிடையாது. "எம் பொண்டாட்டிக்கு அந்த நாயால ஒரு கெடுதலும் வராது, வாயத் தொறந்தாத்தான" என்று அவிய சொல்லிச் சிரிப்பாவ. என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், பேர் சுயம்பு. அவிய சொன்னது நிசம். கல்யாணமாகி வந்தபோது அஞ்சாம் வகுப்புப் படிப்பும் முந்தானை நுனியைக் கடிக்கிற பழக்கமும்தான் நான் கொண்டுவந்தவை. கடையில் உப்பு வாங்கவேண்டுமென்றால்கூட உப்பு டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அவிய சித்திரைலிங்கம் என்கிறவரிடம் மணல் லோடு ஏற்றப் போவாவ. தேரிக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத இடத்தில், மண்ணைச் செங்குத்தாக வெட்டி லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். எடுக்கக் கூடாதென்று அரசாங்கம் தடுத்த மண். ஊரில் பாதிப்பேருக்கு அதில்தான் சோறு.

அந்த மண்ணைப் பற்றி விசாரிக்க ஒருநாள் ஜீப்பில் யூனிபார்ம் போட்ட ரெண்டு பேர் வந்தார்கள். ஊரையே டீக்கடை முன்னால் கூட்டினார்கள். "இங்க லோடு எடுக்கறது யாரு?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார். காலங்காலமாக அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்கிற பதிலை, யோசிக்காமல், ஒரே குரலில் ஊர் சொன்னது.

"தெரியாதுங்கய்யா."

நாய் வந்தது. ஒரே நாய்தான். ஆனால் ஒவ்வொருத்தர் காலடியிலும் நின்றது. ஒவ்வொருத்தரையும் தலைசாய்த்துப் பார்த்தது, ஒவ்வொருத்தர் காலடியிலும் தோண்டிற்று. ஒருவர் முன்னால் டயர் வந்தது, ஒருவர் முன்னால் தார்ப்பாய், ஒருவர் முன்னால் ஸ்டீரிங், எங்கள் வீட்டுக்காரர் முன்னால் மம்பட்டி. அவரவர் அறிந்த அளவு அவரவர் குழியில். எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் ஒரு முழு லாரி ஓடும். சித்திரைலிங்கம் முன்னால் மட்டும் ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

கனகராசு அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயா, இம்புட்டு நாளா இங்கன லாரி போவுதே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"எங்களுக்கு எப்படிய்யா தெரியும்? தெரியாது" என்றார் பெரியவர்.

அவர் பூட்ஸுக்கு நடுவில் மண் பறந்தது. என்ன வருகிறது என்று பார்க்க ஊரே எட்டிப் பார்ப்பதற்குள் அவர் குழியை மிதித்து மூடினார், மிதித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அதற்கப்புறம் அந்த ஜீப் எங்கள் ரோட்டுக்கு வந்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் சித்திரைலிங்கம் ஊரைக் கூட்டினார். வெள்ளை வேட்டி, மெதுவான குரல், யாரையும் 'தாயி', 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். "நாயை அடிச்சிப் போட்டா என்ன?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "அடிச்சாச்சி அண்ணாச்சி, ரெண்டு தடவ லாரிய ஏத்தியாச்சி. பேரச் சொன்னதும் எந்திச்சி வருது" என்றார். பிறகு சொன்னார்:

"நாய விடுங்க. பேர விட்ருவோம். அந்த நாலெழுத்து இனிமே ஊருக்குள்ள வேண்டாம்."

தெ, ரி, யா, து. விரலை மடக்கி எண்ணிப்பார்த்தார்கள், நாலுதான். அன்றிலிருந்து அதற்கு நாலெழுத்து என்றே பேர்.

ஒரு சொல்லை விட்டுவிட்டு வாழ்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று ஊர் கண்டுகொண்டது. கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னார்கள். "பஸ்ஸு போயிட்டா?" என்றால் "போனா நிக்கவா போவுது?" என்றார்கள். "மழை வருமா?" என்றால் "வந்தா நனைவோம்." பெண் பார்க்க வந்தவர்கள் "பையன் குடிப்பானா?" என்று கேட்டால் "ஒரு வாய் காப்பி குடிங்க" என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர், என்ன கேட்டாலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் அறியாது என்று சொல்வதே இல்லை, ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுகின்றன என்று மெச்சினார். டிவி நாடகத்தில் ஒருத்தி அந்த நாலெழுத்தைச் சொல்லித் தொலைக்க, நாய் டிவிக்கு முன்னால் தரையைத் தோண்டி ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசை எடுத்துவைத்தது. யார் பிள்ளையுடையதோ. அதிலிருந்து எல்லார் வீட்டிலும் டிவியைச் சத்தமில்லாமல்தான் பார்த்தார்கள். எங்கள் பாப்பா முத்துஹரிணிக்குப் பேச்சு வரத் தாமதமானபோது, "நல்லதுட்டி, மெதுவா பேசட்டும்" என்று பெண்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கூப்பிடுவார் இல்லாமல் நாய் மெலிந்தது. அதற்குச் சோறு பசி இல்லை, பேர்ப் பசி. முன்பெல்லாம் கூப்பிட்டால்தான் வரும். இப்போது கூப்பிடாமலே வந்து, பேசுகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தாடி நுனியில் எச்சில் தொங்க, வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்கள். பிறகு பேச்சைக் குறைத்தார்கள். கல்யாணப் பந்தியில்கூட இலைமேல் சோறு விழுகிற சத்தம்தான் கேட்டது. மத்தியான வெயிலில் தெருவில் இறங்கி நடந்தால், ஒரு ஊர் முழுக்க உதட்டை அழுத்திக்கொண்டிருப்பது நமக்குக் கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் வேலைக்குப் போனவர் வரவில்லை.

கூடப் போனவர்கள் வந்துவிட்டார்கள். அவியளுடைய அக்கா இந்திராணி, எனக்கு மதினி. மதினி மாப்பிள்ளையும், எனக்கு அண்ணன் முறை, லோடு ஏற்றத்தான் போனார், அவரும் வந்துவிட்டார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போய்க் கதவோரம் நின்றேன்.

"மதினி, அவிய வரல."

மதினி என் முகத்தைப் பார்க்காமல் முருங்கைக்கீரை உருவினாள். "ஆம்பளப் பிள்ள, எங்கயாவது போயிருப்பான். வருவான்ட்டி. பாப்பாவுக்குச் சோறு ஊட்டினியா?"

"அண்ணன் கூடத்தான போனாவ."

"அவருக்குக் காய்ச்சல், படுத்துக் கெடக்காரு. நீ கீரை கொண்டுபோ."

நாய் அவள் கையையும் வாயையும் மாறிமாறிப் பார்த்தது. கீரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் அதற்குமுன் என் ஆயுசில் பேசாத அளவுக்கு அந்த நாட்களில் பேசினேன். வாசல் வாசலாக நின்று ஒரே கேள்வியைக் கேட்டேன். கேரளத்துக்குப் போயிருப்பான் என்றார்கள். மாலை போட்டு மலைக்குப் போயிருப்பான் என்றார்கள், அது மாலை போடுகிற மாசமே இல்லை. "நீ ஏதாவது திட்டினியாட்டி?" என்றார்கள். "என்னத்தச் சொல்ல" என்றார்கள். ஒருத்தர்கூட அந்த நாலெழுத்தைச் சொல்லவில்லை. மற்ற ஊரில் ஆளைத் தொலைத்தவளுக்கு எல்லா வாசலிலும் கிடைக்கிற சொல், எனக்கு ஒரு வாசலிலும் கிடைக்கவில்லை. யாராவது ஒருத்தர் சொன்னால் போதும். தும்மினால் நான் அடுத்த வாசலுக்குப் போவேன். தோண்டினால் அவிய எங்கே இருக்காவ என்பது கிடைத்துவிடும். உயிரோடு எங்கேயோ இருக்கிற ஆளுக்கு நான் பொட்டு வைத்துக்கொண்டு சோறு பொங்கவேண்டும், இல்லாத ஆளுக்கு அப்படிச் செய்யக் கூடாது. ரெண்டில் எது என்று எனக்கு விளங்கவேண்டும்.

நாய் என்கூடவே வர ஆரம்பித்தது. நான் நிற்கிற வாசலில் அதுவும் நின்றது, நான் கேட்கும்போது அதுவும் தலையைச் சாய்த்தது. எங்கள் ரெண்டு பேரையும் பார்த்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. கேட்கிறவள் ஒருத்தி, கேட்கக் காத்திருக்கிற நாய் ஒன்று.

கடைசியில் சித்திரைலிங்கத்திடமே கேட்பதென்று போனேன். காலை நேரம், டீக்கடையில் ஊரே இருந்தது. ஆம்பிளைகள் பெஞ்சில், பெண்கள் தண்ணிக்குழாயில், மதினி குடத்தோடு. சித்திரைலிங்கம் கிளாஸில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் பாப்பாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

"எங்க வீட்டுக்காரர் எங்க?"

பெஞ்சில் ஒரு கிளாஸ் உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

அவர் சிரித்தார். "என்ன தாயி, இப்பிடிக் கேக்க? எங்கிட்ட வேலைக்கு வாரவன், எங்கிட்ட சொல்லிக்கிட்டா போவான்?"

"ஒங்க வேலைக்குத்தான் வந்தாவ."

"வந்தவன் போவத்தான செய்வான்?"

"எங்க போனாவ?"

கேள்விக்குக் கேள்வி அவருக்கு அலுப்பில்லை. ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, நாய் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தூக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கூடப் படுத்து எந்திச்சவ நீ. ஒம் புருசன் எங்கன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியாதா. நாயின் காது ரெண்டும் நிமிர்ந்தன. ஆனால் அது அதன் பேர் இல்லை, பேரின் வாசல்வரை வந்து நின்ற ஒன்று. ஊர் மூச்சை விட்டது. அவர் சாமர்த்தியத்தைப் பார்த்து யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் என்ன செய்வேன்? கேள்வி என்னிடம் வந்துவிட்டது. எனக்குக் கேள்விக்குக் கேள்வி சொல்லிப் பழக்கமில்லை. ஊர் அந்தப் பாடம் படித்தபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தானே. இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது."

பேரைக் கேட்ட நாய்க்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடிற்று. என் காலடிக்கு வந்தது. தலையைச் சாய்த்தது. பாவம், இவளுக்குத் தும்மிவிட்டுப் போய்விடும் என்று ஊர் நினைத்தது, நானும் அப்படித்தான் நினைத்தேன், தும்மலுக்குக் காத்திருந்தேன்.

அது தோண்டிற்று.

என் ரெண்டு காலுக்கும் நடுவில் மண் விலக விலக, எனக்குள்ளும் ஒன்று விலகிற்று. அன்றைக்குச் சீக்கிரமாகவே வேலை முடிந்து திரும்பின ஆம்பிளைகள், ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல், பம்புசெட்டில் நின்று தலைமுழுகினதை நான் வேலி வழியாகப் பார்த்திருந்தேன். லோடு ஏற்றினவன் காலைத்தான் கழுவுவான். அவர்கள் தலைமயிரிலிருந்து, காதிலிருந்து, மூக்கிலிருந்து சிவப்பு வழிந்துகொண்டே இருந்தது. செங்குத்தாக வெட்டின மண் மேலிருந்து சரிந்தால்தான் காதுக்குள் மண் போகும். யார் யார் என்று பார்த்தேன், ஓர் ஆள் குறைந்தது. நான் வீட்டுக்குள் போய் அவிய தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்தது என் கை. அதை நான் என் கண்ணுக்குக்கூடச் சொல்லவில்லை.

நாயின் தலை போயிற்று, தோள் போயிற்று. இதுவரை எந்தக் குழியிலிருந்தும் வராத சிவப்பு, தேரியின் அடிவயிற்று மண்ணின் ஈரச்சிவப்பு, கடைத்தரைமேல் குவிந்தது. கனகராசு அண்ணாச்சி பாய்லர் அடுப்பை அணைத்துவிட்டார். வால் மட்டும் வெளியே விறைத்து நின்றது, குழிக்குள்ளிருந்து ஓர் உறுமல் மட்டும் வந்தது, எதையோ கவ்வினபோது வருகிற உறுமல்.

"அந்தச் சவத்து நாயை வெளிய இழுங்கல" என்றார் சித்திரைலிங்கம். யாரும் அசையவில்லை. அவரே பாய்ந்து வந்து, வெள்ளை வேட்டி மண்ணில் புரள மண்டியிட்டு, அந்தக் குட்டை வாலை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

அது கவ்வினதை விடுகிற சாதியா? அவர் இழுக்க இழுக்க அதன் பல் இறுகிற்று. பின்னங்கால் வெளியே வந்தது, முதுகின் கருப்பட்டித் திட்டு வந்தது, சரிந்த காது வந்தது, தாடி வந்தது. தாடிக்குள்ளே ஒரு கோடுபோட்ட சட்டையின் கை வந்தது, சட்டைக்குள்ளே கை வந்தது. என்ன வருகிறது என்று அவர் பார்த்தபோது அவர் நிறுத்தியிருக்கலாம். பயத்தில் அவர் கை இழுப்பதை நிறுத்தவில்லை. முழங்கை வந்தது, தோள் வந்தது. எந்த மண்ணில் யாரை விட்டுவிட்டு லாரியை அனுப்பினாரோ அவரை, தன் ரெண்டு கையாலேயே, ஊர் பார்க்க, டீக்கடை வெளிச்சத்துக்கு அவரே இழுத்துப் போட்டார்.

நான் பாப்பாவின் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டேன். முந்தானையை அவிழ்த்து அவிய முகத்தில் போட்டேன். நாய் இன்னும் கையை விடவில்லை, கண்ணை மேலே உருட்டி என் வாயைப் பார்த்தது. அதன் தாடியில் கைவைத்தேன். பனந்தும்புதான், சொரசொரவென்று.

"விடு" என்றேன். "எனக்குத் தெரியும்."

அது வாயைத் திறந்தது.

தண்ணிக்குழாயடியில் குடம் விழுந்தது. மதினி குடத்தைத் தாண்டி வந்து தம்பியின் காலடியில் உட்கார்ந்தாள். "எனக்கும் தெரியும்ட்டி" என்றாள். "அன்னைக்கே தெரியும்." பெஞ்சிலிருந்து அவள் மாப்பிள்ளை எழுந்து, "எனக்குந்தான்" என்றார், திரும்பவும் சொன்னார். கனகராசு அண்ணாச்சி சொன்னார். செல்லத்தங்கம் அக்கா சொன்னாள். லாரி ஓட்டினவன் சொன்னான். இத்தனை மாசம் அழுத்திவைத்த உதடெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன, யாரும் யாரையும் கேட்கவில்லை, வரிசையாக, சுடலைமாடன் பீடத்தில் தேங்காய் உடைக்கிற மாதிரி ஒருத்தர் பின் ஒருத்தராகச் சொன்னார்கள். ரோட்டோரக் குழிகளுக்குள் காற்று முதல்தடவையாகக் கொஞ்சம் மண்ணைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

எல்லாரும் சொல்லி முடித்தபோது பாக்கி ஒருத்தர்தான். சித்திரைலிங்கம் இன்னும் தரையில், வாலைப் பிடித்த கையோடு உட்கார்ந்திருந்தார். ஊர் அவரைப் பார்த்தது. அவர் உதடு அசைந்தது.

நாய் திரும்பி, தலையைச் சாய்த்து, அவர் வாயைப் பார்த்தது.